மாத்திரையை எங்கே ஒளிப்பது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) பற்றி நாலைந்து வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லை. 'பெயர் போட்டால் தங்கச்சிக்கு வரன் வராது', 'ஊர் பெயரையும் மாற்றிவிடுங்கள் சிஸ்டர்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். மனநல வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், இந்தப் பயம் எனக்குப் பழக்கம். கன்னியாகுமரி மாவட்டம் ரொம்பச் சின்னது, களியக்காவிளையில் ஒரு வீட்டில் நடந்தது சாயங்காலத்துக்குள் ஆரல்வாய்மொழி வரை வந்துவிடும். அதனால் கடிதம் எழுதியவர்களின் ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கேள்விகளை மாற்றவில்லை.

கேள்வி: எனக்கு 27 வயது. தக்கலை பக்கம் வீடு, மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்து வீட்டில் இருந்த நேரத்தில் பக்கத்து வீட்டார் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது, அப்புறம் ஆள் இல்லாமலே குரல் கேட்டது, சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று அம்மை கையால் சாப்பிடவே இல்லை. மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னார். ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறேன், மூன்று வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது வரன் பார்க்கிறார்கள். 'ஒரு வார்த்தை வெளியே விடாதே, மாத்திரையை விட்டமின் பாட்டிலில் போட்டுக் கொண்டு போ' என்கிறாள் அம்மை. நான் சொல்ல வேண்டுமா? பிள்ளை பெற்றால் அதற்கும் வருமா?

பதில்: மகளே, நேராகவே சொல்கிறேன். கல்யாணம் கட்டப் போகிறவனிடம் சொல்லிவிட வேண்டும். அம்மை மேல் கோபப்படாதே, உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள், ஆனால் அந்த விட்டமின் பாட்டில் உன்னைக் காப்பாற்றாது. கல்யாணம் முடிந்த முதல் மாதத்தை யோசித்துப் பார். மறுவீடு, விருந்து, சொந்தக்காரர் வீடு வீடாகப் போவது, ராத்திரி 12 மணி வரை தூக்கமில்லை, அறையில் புதிதாக ஓர் ஆள். 'இது எதுக்கு மாத்திரை?' என்று அவன் கேட்பானோ என்ற பயத்தில் ஒருநாள் விடுவாய். ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் விடுவாய், அப்போதும் ஒன்றும் ஆகாது, சரி, குணமாகிவிட்டது போல என்று தோன்றும். இந்த நோயின் வஞ்சகமே அங்கேதான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது வராது, சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் வரும், அதனால் நிறுத்தியதையும் வந்ததையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்களைத் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் வார்டில் கொண்டு வந்து சேர்ப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், முக்கால்வாசிப் பேர் கதை இதுதான், ஒளித்துச் சாப்பிட்டார்கள், ஒளிக்க முடியாமல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நோயைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, 'கோட்டி பிடிச்சவளை எங்க தலையில கட்டிட்டாங்க' என்ற பேச்சு மட்டும்தான்.

சட்டமும் அப்போது உன் பக்கம் நிற்காது. உன்னைப் போல் சுகமாக இருக்கிறவர்கள் கல்யாணம் கட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனால் மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்லி அந்தக் கல்யாணத்தையே செல்லாததாக்கக் கேட்க வழி இருக்கிறது, இந்துக்களுக்கு 1955 திருமணச் சட்டத்திலும் சரி, நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டத்திலும் சரி. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஆயுதம் யார் கையிலும் இருக்காது.

ஆனால் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரகரிடம் வேண்டாம். பெண் பார்க்க வந்து முறுக்கும் சாயாவும் சாப்பிட்டுப் போகிறவர்களிடம் வேண்டாம். இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, அடுத்து நாள் குறிக்கப் போகிறார்கள் என்ற கட்டத்தில், நிச்சயத்துக்கு முன்னால், கோயிலில் ஓலை (சர்ச்சில் படிக்கிற கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கொடுப்பதற்கு எவ்வளவோ முன்னால், அந்தப் பையனிடம் நீயே சொல். அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் இருக்கட்டும், பேசுவது நீயாக இரு. 'லேசான டிப்ரஷன்' என்று பூசி மெழுகாதே, அப்புறம் மருத்துவச் சீட்டைப் பார்க்கும்போது அதுவும் ஒரு பொய்யாகிவிடும். 'எனக்கு 23 வயதில் மனச்சிதைவு என்று ஒரு நோய் வந்தது, இல்லாத குரல் கேட்டது, மருந்து சாப்பிட்டுச் சரியானது, இப்போதும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், இன்னும் பல வருஷம் சாப்பிட வேண்டியிருக்கலாம், சந்தேகம் இருந்தால் என் டாக்டரிடம் ஒன்றாகப் போய்க் கேட்கலாம்.' இவ்வளவு போதும். அழ வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், நீ எந்தக் குற்றமும் செய்யவில்லை.

சிலர் விலகிப் போவார்கள். அது வலிக்கும், போகிறவர்களில் ஒருவர் வெளியே சொல்லவும் செய்யலாம், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கேட்டுவிட்டு, டாக்டரிடமும் வந்து உட்கார்ந்து, அதற்குப் பிறகும் 'சரி' என்று சொல்கிறவன் வீட்டில் உன் மாத்திரை டப்பா மேசை மேல் இருக்கும், நீ மறந்தாலும் அவன் எடுத்துக் கொடுப்பான். எனக்குத் தெரிந்து இந்த நோயோடு நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் டப்பா வெளியேதான் இருக்கிறது.

பிள்ளைக்கு வருமா என்றால், பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் இது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேருக்கு வரலாம், அதாவது 90 பேருக்கு வராது. ஒரே மாதிரி இரட்டைப் பிறவிகளில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்றில்லை, பாதிப் பேருக்கு வருவதில்லை. பரம்பரை ஒரு காரணம்தான், அதுவே முழுக் காரணம் இல்லை.

இன்னொன்றையும் நீ கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் பெண் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ரிஸ்பெரிடோன் சாப்பிடும்போது சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும், நின்றும் போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுவதால் வருவது, மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதை யாரிடமும் சொல்லாமல் 'எனக்குப் பிள்ளை பிறக்காது' என்று முடிவு கட்டி மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அப்புறம், பிள்ளைக்குத் தயாராகும் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடு. சோடியம் வால்புரோயேட் என்ற மருந்தையும் சேர்த்து எழுதியிருந்தால் அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, கட்டாயம் மாற்ற வேண்டும். மனச்சிதைவுக்கான மருந்துகளில் பலவற்றைக் கர்ப்பத்திலும் டாக்டர் பார்வையில் தொடரலாம். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் நோய் திரும்ப வாய்ப்பு கூடுதல், தூக்கமின்மை அதை இழுத்துக் கொண்டு வரும். பிரசவத்துக்கு எப்படியும் அம்மை வீட்டுக்குத்தானே வருவாய், ராத்திரி பிள்ளையைப் பார்த்துக் கொள்வது யார் என்பதை அம்மையிடம் இப்போதே பேசி வை, விட்டமின் பாட்டில் தேடுகிற அக்கறையை அவள் இதில் காட்டட்டும்.

கேள்வி: நாகர்கோவிலில் காலேஜ் படிக்கிறேன். கண் சொருகி வரும் நேரத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல் கேட்கிறது. இரண்டு மூன்று தடவை ஆகிவிட்டது. எனக்கும் அந்த நோயா?

பதில்: இல்லை தம்பி. தூக்கமும் விழிப்பும் கலக்கிற அந்த நேரத்தில் பெயர் கேட்பதும் கதவு தட்டுவது போல் கேட்பதும் நல்ல சுகமாக இருக்கிற ஏராளமானவர்களுக்கு நடப்பதுதான். பட்டப்பகலில், முழு விழிப்பில், திரும்பத் திரும்பக் கேட்டால், நீ செய்வதை எல்லாம் அந்தக் குரல் சொல்லிக் கொண்டே வந்தால், இரண்டு பேர் உன்னைப் பற்றிப் பேசுவது போலிருந்தால், 'இதைச் செய்' என்று கட்டளையிட்டால், அப்போது தாமதிக்காமல் போய்க் காட்ட வேண்டும். அதோடு குளிக்காமல், கூட்டாளிகளிடம் பேசாமல், எல்லோர் மேலும் சந்தேகத்தோடு அறையிலேயே அடைந்து கிடப்பதும் சேரும். பெரும்பாலும் 17, 18 வயதிலிருந்து 30 வயதுக்குள் தொடங்குகிற நோய் இது, சீக்கிரம் மருந்து தொடங்கினால் அவ்வளவுக்கு நல்லது. கஞ்சா பழக்கம் இருந்தால் இன்றே விடு. வாய்ப்பு உள்ளவர்களுக்கு அது நோயைக் கொண்டு வரும், வந்தவர்களுக்கு அடங்க விடாது. உன் கூட்டாளிகளில் யாருக்காவது நான் சொன்ன மாதிரி இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணைக் கொடு, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம்.

கேள்வி: நான் கத்தாரில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு 24 வயது, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறான். போன வருஷம் இந்த நோய் வந்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தான். வீட்டுக்கு வந்ததும், மாத்திரை போட்டால் விடியக்காலம் எழுந்திருக்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டான். இப்போது ராத்திரி முழுக்கத் தூங்காமல் தனியே பேசுகிறான், தோட்ட முதலாளி ஆள் வைத்துப் பின்னால் வருகிறார் என்கிறான். அப்பா அவனை ஷீட் உலர்த்துகிற அறையில் பூட்டி வைத்திருக்கிறார். மாமா 'இசக்கியம்மன் அடிச்சிருக்கு' என்று சொல்லி ஓர் இடத்தில் சங்கிலி போட்டு வைக்கலாம் என்கிறார். நான் இங்கிருந்து என்ன செய்ய?

பதில்: தம்பி, இதைப் படித்ததும் அப்பாவுக்கு போன் போடுங்கள். முதலில் அந்தக் கதவைத் திறக்கட்டும். திறப்பதற்கு முன்னால் பால் உறைய ஊற்றுகிற ஆசிட், வெட்டுக் கத்தி, தோட்டத்துப் பூச்சிமருந்து எல்லாவற்றையும் அந்த வீட்டிலிருந்தே அப்புறப்படுத்தட்டும். ரப்பர் வீடுகளில் ஃபார்மிக் ஆசிட் மூலையில் சும்மா கிடக்கும், சுகமில்லாத ஆள் இருக்கிற வீட்டில் அது கிடக்கவே கூடாது. அவனோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். 'முதலாளி ஆள் வைக்கவில்லை' என்று நிரூபிக்கப் போனால் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். 'உனக்குப் பயமாக இருக்கிறது, தூக்கம் இல்லை, தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்ப்போம்' என்று கூப்பிட்டால் பலர் வருவார்கள், தூக்கமின்மை அவர்களுக்கே தாங்க முடியாத கஷ்டம்.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள், கடுமையாகவே பேசுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது, வேண்டுதல், பரிகாரம் என்று எந்தப் பெயர் சொன்னாலும் அதற்கு விலக்கு இல்லை. அது ஏன் சட்டமாகும் அளவுக்குப் போனது என்பதையும் சொல்லுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியக்காலம் ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தது, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்துப் போனார்கள். குடும்பத்தார் பாசத்தோடு, குணமாகும் என்று நம்பிக் கொண்டு போய் விட்ட பிள்ளைகள்தான் அவர்களும். உங்கள் மாமாவும் கெட்ட மனிதராக இருக்க வேண்டியதில்லை. கோயிலுக்கோ ஜெபத்துக்கோ தர்காவுக்கோ போவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை, இசக்கியம்மனுக்குப் பொங்கலிட்டுவிட்டு வந்து ஊசி போட்டுக் கொண்டவர்கள் எத்தனையோ பேர், அம்மன் ஒன்றும் கோபித்துக் கொள்ளவில்லை. மாத்திரையை நிறுத்து, இங்கேயே கட்டிப் போட்டுவிட்டுப் போ என்று ஓர் இடம் சொன்னால், அங்கிருந்து அப்போதே கிளம்பிவிட வேண்டும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். அவன் வரவே மாட்டேன் என்று சொல்லி, ஆபத்தாகவும் இருந்தால், அவனுடைய நியமனப் பிரதிநிதி (சட்டம் தருகிற பெயர் அது, அவன் யாரையும் எழுதி நியமிக்காவிட்டால் உடனிருக்கும் உறவினர்) கேட்டு, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியாகப் பரிசோதித்து, 30 நாள் வரை உள்நோயாளியாக வைக்கச் சட்டத்தில் வழி உண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் கடமை இருக்கிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

இனி நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன், 'விடியக்காலம் எழுந்திருக்க முடியவில்லை'. இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. வெயில் ஏறும் முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால் வெட்டுக்காரன் இருட்டிலேயே தலையில் லைட் கட்டிக் கொண்டு போக வேண்டும். ஒலான்சபின், குயிட்டியாபின் போன்றவை நல்ல தூக்கம் தரும், ராத்திரி 10 மணிக்குப் போட்டவன் 3 மணிக்கு எப்படி எழுந்திருப்பான்? இதை டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள், டாக்டரும் 'என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்' என்று கேட்டிருக்க மாட்டார், இரண்டு பக்கமும் நடக்கிற குறைதான் இது. மாத்திரையைச் சாயங்காலம் 7 மணிக்கு மாற்றலாம், தூக்கம் குறைவாகத் தருகிற மருந்துக்கு மாறலாம், தினம் மாத்திரையே வேண்டாம் என்றால் 2 வாரத்துக்கோ 4 வாரத்துக்கோ ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது. ஊசி போட்டுக் கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அதில் ஒளித்து வைக்க டப்பாவே இருக்காது, அவனுக்கு அதுவே பிடிக்கலாம். பிறகு என்றைக்காவது டோஸைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தால், இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தி வைக்கிற மாதத்தில் தொடங்கச் சொல்லுங்கள், தூக்கம் கெட்டாலும் வேலை கெடாது. முதல் தடவை வந்தவர்களே ஒன்றிரண்டு வருஷமாவது மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். இவனுக்கு இது இரண்டாவது, அதனால் இன்னும் கூடுதலாக, சில வருஷம் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

கங்காணிக்கோ தோட்ட முதலாளிக்கோ நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. 'ராத்திரி மருந்து சாப்பிடுகிறேன், காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகும்' என்று சொல்ல அவனுக்கு வாய் வந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை அவனுக்காக நீங்கள் போனில் முதலாளியிடம் சொல்லலாம், அண்ணன் பேசினால் கேட்பார்கள்.

கேள்வி: குளச்சல் பக்கம் கடற்கரை ஊர், எனக்கு 46 வயது. நோய் வந்து 20 வருஷம் ஆகிறது. இப்போது நான் சுகமாக இருக்கிறேன், வள்ளத்தில் போகிறேன், வலை பின்னுகிறேன். ஆனால் வீட்டில் எதற்கும் என்னிடம் கேட்க மாட்டார்கள். நான் சத்தமாகப் பேசினால் 'மாத்திரை போட்டியா?', சிரித்தாலும் 'மாத்திரை போட்டியா?'. பொடிப் பையன்கள் 'ஊளம்பாறைக்கு (மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம்) பஸ் ஏறு' என்று கத்துகிறார்கள். போன மாதம் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: நெஞ்சு பாரத்தை முதலில் சொல்கிறேன் தம்பி, அதைத் தள்ளிப் போடக் கூடாது. வேறு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள், சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் பாருங்கள். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்து போகிறார்கள், அதில் பெரும்பங்கு இருதயம், சர்க்கரை போன்ற உடம்பு நோய்களால்தான். சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும், பீடி சிகரெட் பழக்கமும் பலருக்கு உண்டு, இதற்கெல்லாம் மேலே நீங்கள் எழுதியது போல வலி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அடுத்த தடவை துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போய், 'மனநல மருந்து சாப்பிடுகிறேன், அதனால்தான் இருதயத்தைக் கூடுதல் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்' என்று நீங்களே முந்திக் கொள்ளுங்கள். பீடியை விடுவதாக இருந்தால் மனநல டாக்டரிடமும் சொல்லுங்கள், புகை சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், விட்டதும் அளவு கூடும், டோஸை மாற்ற வேண்டி வரலாம்.

இனி வீட்டு விஷயம். இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 'மாத்திரை போட்டியா?' என்று கேட்பதில் அக்கறை இருக்கிறது, எனக்குத் தெரியும், 20 வருஷத்தில் அவர்கள் பட்ட பாடும் கொஞ்சமாக இருக்காது. ஆனால் ஒரு மனிதன் கோபப்படும் ஒவ்வொரு தடவையும் அதை நோய் என்று சொன்னால் அவனுக்கு நியாயமாகக் கோபப்படுகிற உரிமையே இல்லாமல் போகிறது. மீன் விலையில் தரகன் ஏமாற்றினால் யார்தான் சத்தம் போட மாட்டார்கள்? லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950-களில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பார்க்கத் தொடங்கினார். அந்த ஆய்வுகளும் அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்தவையும் சொல்வது ஒன்றுதான், எப்போதும் குற்றம் சொல்கிற, வெறுத்துப் பேசுகிற, அளவுக்கு மீறி மேலே விழுந்து கவனிக்கிற வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். குடும்பம்தான் நோயைக் கொடுத்தது என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடாதீர்கள். வீட்டுப் பேச்சின் சூடு குறைந்தால் மருந்தும் நன்றாக வேலை செய்யும்.

ஒன்று செய்து பாருங்கள். நோய் திரும்பும்போது உங்களுக்கு முதலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், 20 வருஷம் கூடவே இருந்தவர் நீங்கள். சிலருக்குத் தொடர்ந்து தூக்கம் போகும், சிலர் ஜன்னலை அடைப்பார்கள், சிலர் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பார்கள். அதை நீங்களும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்த அடையாளம் தெரிந்தால் அவர் ஒருத்தர் மட்டும், தனியாக, 'மருந்து எப்படிப் போகிறது?' என்று கேட்கலாம், நீங்களும் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். அது இல்லாத நேரத்தில், பிள்ளைகள் உட்பட யாரும் கேட்கக் கூடாது. திரும்ப நோய் வந்தால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம், யார் உங்களுக்காகப் பேச வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வைக்க 2017 சட்டம் உரிமை தருகிறது, முன்கூட்டிய உத்தரவு என்று அதற்குப் பெயர். சுகமாக இருக்கிற இந்த நேரத்தில் நீங்கள் சொல்வதை, சுகமில்லாத நேரத்தில் மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு.

ஊளம்பாறை என்று கத்துகிற பையன்களுக்கு அந்த இடம் என்னவென்றே தெரியாது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் அதற்குப் பின் வந்த திரு-கொச்சியோடும் இருந்தவர்கள், திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் 19-ம் நூற்றாண்டிலேயே தொடங்கிய மனநல ஆஸ்பத்திரிதான் நம் பாட்டன் பாட்டிகளுக்குப் போக்கிடம். அங்கே போய்ச் சுகமாகித் திரும்பி வந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு, கத்துகிற பையனின் வீட்டிலேயே இருக்கலாம், யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், கடற்கரை ஊர்களில் சாமியார் சொன்னால் எடுபடும். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இந்த நோய் உண்டு, மருந்தில் நன்றாக இருக்கிறார். மாமனார் இறந்த பிறகு குருந்தன்கோடு பக்கத்துத் தென்னந்தோப்பைப் பங்கு வைக்கிறார்கள். 'அவன் சித்த சுவாதீனம் இல்லாதவன், சட்டப்படி பங்கு கிடையாது, வேண்டுமானால் நாங்களே பார்த்துக் கொள்கிறோம், இதில் கையெழுத்துப் போடு' என்று கொழுந்தன்மார் ஒரு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக் கொடுப்பதாக எழுதுவது) கொண்டு வந்திருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் நோய் விஷயம் தெரியும், கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. அவரையும் போட விடாதீர்கள்.

அவர்கள் சொல்வது பொய். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 28, எந்த நோயையும் குறையையும் காரணம் காட்டி ஒருவரின் வாரிசுப் பங்கை மறுக்க முடியாது என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் என்று கண்டறியப்பட்டதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் உண்டு என்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்திருப்பது ஒரு தீர்ப்பு இல்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், பங்கு கேட்கும்போது அவருக்குச் சுவாதீனம் இல்லை, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் சுவாதீனம் வந்துவிடுமா? இதையே அவர்கள் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

அவர் சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம், இப்போதைய நிலையில் சொத்து விஷயங்களைப் புரிந்து முடிவெடுக்கிறார் என்று ஒரு சான்று எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிற ஆள் என்பதற்கு அவையே சாட்சி, இத்தனை நாள் அவற்றை ஒளித்து வைத்திருந்தால் இப்போது வெளியே எடுங்கள். மனநோய் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் வருகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருப்பதாக ஆஸ்பத்திரியில் சான்று கொடுத்தால் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் சொத்துப் பங்குக்கு அந்தச் சான்று தேவையில்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும், வருமானம் கேட்க மாட்டார்கள். மாமனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தோப்பின் பட்டா, பழைய பத்திரத்தின் நகல், இவர்கள் கொண்டு வந்த விடுதலைப் பத்திரத்தின் ஒரு நகல், எல்லாம் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரரையும் கூட்டிக் கொண்டு போங்கள், வக்கீலிடம் அவரே பேசட்டும்.